பாதி ஈரத்தில் சாகும் பலகை

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஊர் இருப்பதே கடல் மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் மேலே. ஆனால் இந்தியாவில் படகு மரம் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் தட்ட வேண்டிய கதவுகளில் இரண்டு இங்கேதான் இருக்கின்றன. மல்லேஸ்வரத்தில் 1938இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது இன்றைய மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். கடல்நீரில் மரத்தை எந்தப் புழு துளைக்கிறது, எந்த மரம் எத்தனை காலம் தாங்குகிறது என்பதெல்லாம் அங்கே பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டிருக்கிறது. தும்கூர் சாலையில் 1962இல் பிறந்தது பிளைவுட் ஆய்வு நிறுவனம். 'மெரைன் பிளை' என்று கடைக்காரர் சத்தியம் செய்யும் பலகைக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுக்கும் சோதனை உண்டு. ஒட்டு விடாமல் தாங்கினால்தான் தேர்ச்சி.

இதே ஊரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் 'தம்பிகள்' படகு பழகுகிற அல்சூர் ஏரியும் இருக்கிறது. அங்கே ஒரு பழைய சிறு பாய்மரப் படகு மிதப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் முதலில் கெடுவது பாயும் அல்ல, பாய்மரமும் அல்ல. காலடியில் கிடக்கும் தரைப்பலகை. வங்குகள் எனப்படும் குறுக்குச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் பரப்பிய அந்தப் பலகைகள் இல்லாவிட்டால், மெல்லிய வெளிப்பலகையின் மீது நம் முழு எடையும் குதிகால் வழியே இறங்கும். தரைப்பலகை அதை வாங்கி வங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே வெயில்.

தண்ணீரில் கிடப்பதால்தான் அது உளுத்துப்போகிறது என்று தோன்றும். உண்மையில் தண்ணீரிலேயே முழுக்க மூழ்கிக் கிடந்தால் அது அத்தனை சுலபமாகச் சாகாது. கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே தைக்கல் என்ற இடத்தில் 2002–03இல் ஒரு பழைய மரக்கலத்தைத் தோண்டி எடுத்தார்கள். பல நூற்றாண்டுகள் சேற்றுக்குள் புதைந்திருந்தும் அதன் அயினி மரப்பலகைகள் எஞ்சியிருந்தன. மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சேற்றில் காற்று இல்லை.

மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. 30ஐ ஒட்டி வரும்போது செல் சுவர்கள் நிரம்பிவிடுகின்றன. அதற்கு மேல் வரும் நீர் செல்லின் உள்வெளியில் தங்கும். அந்த வெளியில் நீரும் காற்றும் கலந்து இருக்கும் நிலைதான் பூஞ்சைக்கு விருந்து. தரைப்பலகையின் அடிப்பக்கம், இரு பலகைகள் உரசும் விளிம்பு, திருகாணித் துளை, பலகை முனை ஆகிய நான்கும் பெரும்பாலும் அந்த நிலையிலேயே இருக்கின்றன.

கடல் படகைவிட ஏரிப் படகுக்கு இந்த விஷயத்தில் ஆபத்து அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கடலில் துளைப்புழுக்கள் உண்டு. ஆனால் உப்பு பூஞ்சையை அடக்கி வைக்கும். அந்தக் காலத்து மரக்கப்பல்களில் வங்குகளுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியது அதற்காகத்தான். அல்சூர் ஏரியில் புழு பயமில்லை. ஆனால் அக்டோபர் மழை படகுக்குள் விழுந்து தேங்கினால் அது நன்னீர். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இனி கெட்ட தரைப்பலகையை மாற்றும் வேலை. தேக்குதான் எல்லாரும் சொல்லும் பதில், சரியான பதிலும்கூட. ஆனால் வைரம் பாய்ந்த பகுதி மட்டும். தேக்கின் வைரத்தில் டெக்டோகுயினோன் போன்ற வேதிப்பொருள்களும் எண்ணெய்ப் பசையும் ஊறியிருக்கின்றன. கறையானும் பூஞ்சையும் அதை விரும்புவதில்லை. ஓரத்து வெளிறிய மரத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மரக்கடையில் இரண்டும் ஒரே பலகையில் வரும், ஒரே விலையில். எனக்கென்றால் வெளிறிய பகுதியை வெட்டித் தள்ளி, பலகை ஒடுங்கினாலும் பரவாயில்லை என்பேன்.

அடுத்தது இடைவெளி. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்கே உப்பும். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது தேக்கு ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். பெங்களூரின் மார்ச் மாத வறட்சியில் 10 விழுக்காடு ஈரத்தோடு இருந்த 100 மில்லிமீட்டர் பலகை, ஊறி 28க்குப் போனால், அறுத்த விதத்தைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் அகலும். கோடையில் நெருக்கமாகப் பொருத்தி 'எவ்வளவு அழகு' என்று மகிழ்ந்த எட்டுப் பலகைகள், ஐப்பசியில் ஒன்றையொன்று நெட்டித் தூக்கிக்கொண்டு நிற்கும். இடைவெளி விட வேண்டும். வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த மரம் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

திருகாணி இரும்பாக இருக்கக் கூடாது. ஈர மரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் இரும்பு அயனிகள் சுற்றியுள்ள செல்லுலோஸையே சிதைக்கின்றன. துருவேறிய திருகாணியைச் சுற்றி மரம் கறுத்து, கை வைத்தால் உதிர்வது அதனால்தான். வெண்கலத்துக்கு மாறிவிடலாம்.

மருந்து பாய்ச்சிய மரம் ஆகாதா என்று கேட்கலாம். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தவரே நம் நாட்டுக்காரர்தான். சோந்தி காமேசம், டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில், 1933இல். உலகெங்கும் மின்கம்பங்களையும் துறைமுகத் தூண்களையும் காத்த மருந்து அது. செம்பு பூஞ்சையை அடக்கும். ஆர்செனிக் பூச்சிகளைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். ஆனால் வெறுங்காலோடு மிதிக்கிற, தேய்க்கும்போது தூள் பறக்கிற இடத்துக்கு ஆர்செனிக் வேண்டாம்.

மேற்பூச்சு விஷயத்தில்தான் சண்டை. வீட்டு நாற்காலிக்குப் போடும் அரக்குப் பாலிஷ், தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும், தள்ளிவிடலாம். எபாக்சி நீரைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும். மேலே புற ஊதாத் தடுப்பு வார்னிஷ் கேட்கும். தெளிவான வார்னிஷின் பலவீனம் அதன் தெளிவிலேயே இருக்கிறது. ஒளி அதைக் கடந்து மரத்தின் லிக்னினைத் தாக்குகிறது. மேற்படலம் நன்றாக இருக்க, அது பிடித்துக்கொண்டிருக்கும் மரத்தின் தோல் கழன்றுவிடுகிறது. பிறகு உரிந்த வாயில் நீர் புகும், வெளியேற வழி இருக்காது.

மேற்குக் கரைப் படகுகளில் முந்திரிக்கொட்டை எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவார்கள். முந்திரி எண்ணெயிலுள்ள பீனால் சேர்மங்கள் காற்றில் இறுகிப் பிசினாகின்றன. அதிலிருந்து எடுக்கும் கார்டனாலைப் பிளைவுட் பசையில் கலந்து பார்க்கும் ஆய்வு தும்கூர் சாலையிலேயே நடந்திருக்கிறது. படகுக்காரர் பூசிய எண்ணெயும் ஆய்வுக்கூடப் பசையும் ஒரே வேதிக் குடும்பம்.

என் சாய்வு வைரத் தேக்கை வெறுமனே விடுவதன் பக்கம். சாம்பல் நிறமாகும், அழகு குறையும். ஆனால் ஈரக்காலுக்கு வழுக்காது, இரண்டு பக்கமும் மூச்சு விடும். பூசியே தீருவேன் என்பவர்கள் மேல்முகத்தை மட்டும் பூசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒருபக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் பலகை கிண்ணம்போல் குழியும். ஆறு முகங்களும் ஒன்றுபோல் பூசப்பட வேண்டும். முனைகளுக்கு இரட்டிப்பு, ஏனென்றால் மரம் நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அங்கேதான். தேக்கை ஒட்டுவதற்கோ பூசுவதற்கோ முன்பு அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும், எண்ணெய்ப் பசை பிடிப்பைக் கெடுக்கும்.

கடைசியாக, பலகையை வங்கோடு நிரந்தரமாக அறைந்துவிடாமல், மரக்கொண்டி வைத்துக் கையால் கழற்றும்படி அமைப்பது நல்லது. ஏரியிலிருந்து கரையேறியதும் கழற்றி நிறுத்தி வைத்தால், அடியில் தேங்கிய நீரைத் துடைத்தெடுக்கலாம், பலகையின் ஈரமும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்.