தாழ்ப்பாள் உள்ள கதவு

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. கடற்புயல் கரையோரத்தோடு அடங்கிவிடும் என்றுதான் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடிப் பக்கம் பலரும் நம்பிப் படுத்தார்கள். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. தலைமுறை கண்ட பலா மரங்கள் விழுந்திருந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஓடும் ஓலையும் பறந்துபோன குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் ஒதுங்கின.

அந்த இரவில் பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில் ஒரு சிறுமி இறந்துபோனாள். பருவமெய்தியிருந்ததால் வழக்கப்படி வீட்டுக்கு வெளியே குச்சு எனப்படும் ஓலைக் குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் முறிந்து குச்சின் மேல் விழுந்தது. அடுத்த மாதமே இன்னொரு செய்தி. தஞ்சை மாவட்டத்தில் புயலில் சிதைந்த வீட்டைச் சரிசெய்யப் பணமில்லாத ஒரு தகப்பன், 36,000 ரூபாய்க்குத் தன் மகனை வேலைக்கு அடமானம் வைத்தார். அந்தச் சிறுவன் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மீட்கப்பட்டான்.

இந்த இரண்டும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வெளியே நடந்தவைதான். ஆனால் குச்சு கட்டும் வழக்கமும், கடனுக்குப் பிள்ளையை அனுப்பும் வறுமையும் மாவட்ட எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லை. காற்று எல்லோர் மேலும் ஒரே வேகத்தில்தான் வீசியது. அந்த நேரத்தில் யாரை எங்கே நிறுத்தியிருந்தோம் என்பதில்தான் சிலருக்கு உயிர் போனது, சிலருக்குப் பிள்ளைப் பருவம் போனது. 2004 சுனாமியின்போது கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் அமைப்பு பதிவு செய்தது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்களும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும் பெண்கள்தானே.

உயிர் பிழைத்து முகாமுக்கு வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். சோறு வருகிறதா, பாய் இருக்கிறதா என்று கேட்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தாழ்ப்பாள் இல்லாத முகாமில் பெண்கள் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிடாய்த் துணியை மாற்ற இடமில்லாமல் ஈரத்தோடு இருப்பார்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இருட்டட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த இருட்டுக்காகவே காத்திருக்கும் ஆட்களும் உண்டு.

முகாமில் தரப்படுவதைத் தருமம் என்று நினைப்பதால்தான் பலர் வாய் திறப்பதில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 12, நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. அதன்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முகாமில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், விளக்கு வசதி, நாளொன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பறை, அதுவும் முகாமிலிருந்து 50 மீட்டருக்குள். பெண்களுக்குச் சானிட்டரி நாப்கின் தர வேண்டும். தனிமைக்கும் பாதுகாப்புக்கும், குறிப்பாகப் பெண்கள், விதவைகள், குழந்தைகள் விஷயத்தில், தனிக் கவனம் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால், 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேருக்குத்தான் இடம். நூறு பேர் தங்கும் பள்ளியில் நான்கு கழிப்பறையாவது இருக்க வேண்டும். எத்தனை பள்ளிக்கூடம் இந்தக் கணக்கில் தேறும் என்பதை உங்கள் ஊரில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 61 நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 'நீங்கள் உங்கள் தெருவிலேயே இருங்கள், அரிசி அங்கே வரும்' என்று ஒரு பகுதியினரை முகாமுக்கு வெளியே நிறுத்தினால் அது சட்ட மீறல். குடும்ப அட்டையில் பெயர் இல்லாமல் தாய் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும், கணவன் விட்டுப்போன பெண்ணுக்கும் நிவாரணம் கிடைக்காமல் போவது இதைவிடச் சத்தமில்லாத பாகுபாடு. நான் யாருடைய அட்டையிலும் இல்லை, ஆனால் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அங்கே நகரவில்லை என்றால் வட்டாட்சியர், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியர். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர்தான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பேரிடரில் கணவனை இழந்த பெண்ணுக்கு 15 நாளுக்குள் அதற்கான சான்றிதழ் தர வேண்டும், 45 நாளுக்குள் அரசுத் திட்டங்களின் உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் 2016 நெறிகளில் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைக்கும் 15 நாளுக்குள் சான்றிதழ். அக்குழந்தைக்கான பணத்தை ஆட்சியரை முதல் கணக்குதாரராகக் கொண்ட கூட்டுக் கணக்கில் பொதுத்துறை வங்கியில் போட்டு, வட்டியைக் குழந்தையின் செலவுக்குத் தரலாம். பணத்துக்காகப் பிள்ளையைத் தேடி வரும் உறவினர்களிடமிருந்து காக்கத்தான் இந்த ஏற்பாடு.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முகாமுக்கு வரும் வெளியாட்கள் எல்லோரும் ரொட்டியும் போர்வையும் கொண்டுவருபவர்கள் அல்ல. விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன், மில்லில் தங்கும் வசதியோடு வேலை, ஆட்டுக் கிடைக்கு ஒரு பையன் வேண்டும், நல்ல வரன் வந்திருக்கிறது, வரதட்சணை வேண்டாம். தோப்பு போய்க் கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் இந்த வார்த்தைகள் உதவி போலவே ஒலிக்கும். பெற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் தெரிந்திருந்தால் சிலராவது அந்தக் கையைத் தட்டிவிடுவார்கள்.

பெற்றோரைப் பிரிந்து தனியே இருக்கும் குழந்தையைப் பார்த்தவர் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015 இதைக் கடமையாக்கியிருக்கிறது. பாவம் பார்த்து வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வதும் தவறு. இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்ட குழந்தையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 81-இன்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். கடனுக்காக வேலையில் மாட்டிய பிள்ளைக்கு 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி அந்தக் கடன் செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டாட்சியர்களில் யார் உங்கள் பகுதிக்கு உரியவரோ அவரிடம் புகார் கொடுக்கலாம்.

பாலியல் குற்றம் நடந்துவிட்டால்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, இயற்கைப் பேரிடர் நேரத்தில் குழந்தை மீது நடத்தப்படும் பாலியல் வன்புணர்வு 'மோசமான' வகைக் குற்றங்களில் சேர்க்கப்பட்டது. குறைந்தது 20 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் மரண தண்டனை வரை. குழப்பமான நேரம் குற்றவாளிக்குச் சாக்காகிவிடக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் இதில் குற்றம். முகாம் பொறுப்பாளர், ஆசிரியர், தன்னார்வலர் யாராக இருந்தாலும் சரி. 'ஊர்ப் பெயர் கெடும், பேசி முடித்துக்கொள்வோம்' என்று பஞ்சாயத்து பேச யாருக்கும் உரிமை இல்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அது இருக்கும் இடத்திலேயே, சீருடை அணியாத காவலர் பதிவு செய்ய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம். சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான்.

வளர்ந்த பெண்களுக்கும் ஒரு செய்தி. மணமேல்குடியிலிருந்து வந்து வேறு ஊர் முகாமில் இருக்கும்போது குற்றம் நடந்தால், 'உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போங்கள்' என்று அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173, எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்க வழி செய்கிறது. வன்புணர்வுக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளம், பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 மூலம் அணுகலாம்.

சட்டம் தாழ்ப்பாளைப் பொருத்தாது, அதை ஆள்தான் பொருத்த வேண்டும். முகாம் பட்டியலில் எந்தப் பள்ளி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பெண்கள் படுக்கும் அறை கழிப்பறைக்குப் பக்கத்தில் வரட்டும். பாலூட்ட ஒரு மூலைக்குச் சேலையாவது கட்டட்டும். பிள்ளைகள் பகலில் விளையாட ஓர் அறையும், அங்கே கண்காணிக்கத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்கட்டும். வாசலில் பதிவேடு வைத்து வருபவர் போகிறவர் பெயரை ஒரு பெண் எழுதட்டும். பிள்ளையை யார் கூட்டிப் போனாலும் அதில் கையெழுத்து வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த வீட்டில் சமைந்த பெண் குச்சில் இருந்தால், அன்று மாலையே அவளைக் கெட்டியான கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். சடங்கைப் பிறகு செய்துகொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அக்டோபர் 2 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். நம் ஊருக்கான முகாம் எது, அங்கே பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, எத்தனை கதவில் தாழ்ப்பாள், விளக்குக்கு மின்சாரம் போனால் என்ன மாற்று என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.