கண்ணாடிச் சட்டை அணிந்த செப்புப் பெட்டி

எனாமல் தட்டு கைதவறிக் கீழே விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டு உடைவதில்லை, மேற்பூச்சு மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அந்தப் பூச்சு வேறொன்றுமன்று, கண்ணாடிதான். உலோகத்தின்மேல் கண்ணாடி எப்படி ஒட்டியது? ஏன் பெயர்கிறது? இதற்கு விடை காண, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேயிலைப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்ப்போம்.

அப்போது தேயிலை சீனாவிலிருந்து கப்பலில் வந்த அரிய பண்டம். 1784இல் 12.5 விழுக்காடாகக் குறைக்கப்படும் வரை, அதன்மீதிருந்த வரி 100 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது! ஆகவே செல்வர்கள் தேயிலையைப் பூட்டி வைத்தனர். அதற்கென ஓவியம் தீட்டிய எனாமல் பெட்டிகள் பில்ஸ்டன், பர்மிங்காம் முதலிய ஊர்களில் உருவாயின.

செய்முறை இதுதான். மெல்லிய செப்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளை நீரில் குழைத்துப் பூசுவார்கள். உலர்ந்தபின் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் சில நிமிடங்கள் வைப்பார்கள். கண்ணாடி உருகிப் பரவி, செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டுமாதலால் அதற்குத் தீங்கில்லை. கண்ணாடியில் கரையாத நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பூச்சு வெண்மையாகத் தோன்றும். அதன்மேல் உலோக ஆக்சைடுகளால் ஓவியம் தீட்டுவார்கள்: கோபால்ட் நீலம் தரும், மாங்கனீஸ் ஊதா தரும். மிகுந்த வெப்பம் தாங்கும் நிறத்தை முதலில் சுடவேண்டும். ஆகவே ஒரே பெட்டி பலமுறை உலைக்குள் போய்வரும்.

இங்கேதான் சிக்கல். ஒரு மீட்டர் நீளச் செம்பு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீளும். சாதாரணக் கண்ணாடியோ 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். இவ்வளவு வேறுபாடு இருந்தால் ஆறும்போது பூச்சு தெறித்துவிடும். எனவே காரப்பொருள்களும் ஈயமும் சேர்த்து, செம்பைவிடச் சற்றே குறைவாக விரியும் கண்ணாடியைச் செய்தார்கள். ஆறும்போது செம்பு சிறிது அதிகமாகச் சுருங்கிக் கண்ணாடியை அமுக்கும். கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது.

ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்துவிடும். அதனால்தான் பெட்டியின் உட்புறத்திலும் எனாமல் பூசினார்கள். தேயிலை செம்பில் படாதிருப்பது கூடுதல் நன்மை.

இவ்வளவு பாடுபட்ட சமநிலை ஒரே அடியில் குலைந்துவிடும். தகடு நெளிந்தால் கண்ணாடி இழுபட்டு வெடிக்கிறது. பழைய பெட்டியை மறுபடி உலையில் வைத்தால் ஓவியமே கெடலாம்; ஆகவே இன்று செயற்கைப் பிசினால் பள்ளத்தை நிரப்பி வண்ணம் தீட்டுகிறார்கள். ஆனால் பிசின் கண்ணாடியாகாது. அது மென்மையானது, நாளடைவில் மஞ்சளிக்கும்.

உங்கள் வீட்டு எனாமல் குவளையும் இதே குடும்பம்தான். உள்ளே செம்புக்குப் பதில் இரும்பு, அவ்வளவே. பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு தெரிகிறதா, பாருங்கள்!