புதுப்பிப்பு பாதியில் நின்றால் பதறாதீர்கள்

உங்கள் மடிக்கணினி விண்டோஸ் 11-க்கு மாறும்போது பாதியில் நின்றுவிட்டதா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பலரும் இம்மாற்றத்தில் இறங்கியுள்ளனர். மின்கலம் தளர்ந்த கணினி என்றால், கோத்தா திங்கியின் ஆண்டிறுதி அடைமழையில் மின்சாரம் தடைபட்டாலே போதும்; வேலை கெட்டுவிடும்.

உடனே கடைக்கு ஓடி ‘ஃபார்மட்’ செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் இடுபணிகளும் குடும்பப் படங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். புதுப்பிப்பின்போது பழைய இயங்குதளம் உடனே அழிவதில்லை, ‘விண்டோஸ்.ஓல்ட்’ எனும் கோப்புறைக்கு நகர்த்தப்படுகிறது. தடை வந்தால் கணினி பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆகவே, முதலில் பொறுத்திருங்கள். சில மணி நேரமாகியும் அசைவில்லையெனில், மின்விசையை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். விரலி, அச்சுப்பொறி போன்றவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் முடுக்குங்கள். பழுதுநீக்கும் திரை வந்தால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும்.

கணினி மீண்டதும், முதல் வேலையாகக் கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுங்கள். 64 ஜிகாபைட் சேமிப்பகம், 4 ஜிகாபைட் நினைவகம், ‘டிபிஎம் 2.0’ பாதுகாப்பு வசதி உள்ளனவா எனப் பாருங்கள். இருந்தால், மின்னேற்றியை இணைத்தபடியே மறுபடி முயலுங்கள்.