விளிம்புக்கு அப்பால்

ஓவியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பும் ஓவியத்தின் உறுப்புகளுள் ஒன்று என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்முன் பரந்து கிடக்கும் காட்சியில் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று துணிந்த பின்னரே ஓவியன் தூரிகையைத் தொடுகின்றான். விட்டதும் அவன் செயலே. செய்யுளின் உறுப்புகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், எச்சம் என்பதனையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். புலவன் சொல்லாது நிறுத்திய இடத்திற் கேட்போன் தன் உணர்வினாற் பொருளை முடித்துக்கொள்கின்றான். ஓவியத்தின் விளிம்பும் அத்தகையதோர் எச்சமே.

இற்றைநாளில் அந்த எச்சத்தை நிரப்பித் தருவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. படம் ஒன்றைக் கணினியிற் கொடுத்து, இதன் இரு பக்கங்களையும் விரித்துத் தா என்று ஏவினால், செயற்கை நுண்ணறிவு சில நொடிகளிற் புதிய பக்கங்களை வரைந்து, ஒட்டுத் தெரியாமல் இணைத்துத் தருகின்றது. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் டால்-ஈ 2 என்னும் தனது கருவியில் இவ்வசதியைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு அடோபி நிறுவனம் போட்டோஷொப்பிலும் இதனைப் புகுத்தியது. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியிலேயே இது நிகழ்கின்றது. ஆகவே, ஆசிரியராகிய நாம் 'எமக்கென்ன' என்று இதனை ஒதுக்கிவிட இயலாது.

இயந்திரம் இதனை எங்ஙனம் செய்கின்றது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றை விவரிக்கும் சொற்களையும் காட்டி அதனைப் பயிற்றுகின்றனர். நல்ல படம் ஒன்றின்மேற் புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவி, ஈற்றில் அது வெறும் புள்ளிக் குழப்பமாகும் வரை கெடுக்கின்றனர். அக்குழப்பத்தைப் படிப்படியாக நீக்கிப் படத்தைத் தெளிவிக்க இயந்திரம் பயிலுகின்றது. பயிற்சி முற்றியபின், வெற்றிடத்தில் வெறுங் குழப்பத்தை இட்டுக் கொடுத்தாலும், அருகிலுள்ள நிறத்தையும் கோட்டையும் ஒளியையும், ஏவியவர் எழுதிய சொற்களையும் துணையாகக் கொண்டு, அங்கே ஒரு காட்சியைத் தோற்றுவித்துவிடும். அக்காட்சி எங்கிருந்தோ தேடி எடுத்ததன்று. இத்தகைய படத்தின் அயலிற் பெரும்பாலும் இத்தகையது இருக்கும் என்று உய்த்து இயற்றியது.

ஆதலால், ஒரே படத்தைப் பத்து முறை கொடுத்தாற் பத்து வகையான பக்கங்கள் கிடைக்கும். வழக்கு மன்றிற் பத்து முறை வினாவப் பத்து விதமாக விடை பகரும் ஒருவனைச் சான்றாளன் என்று எவரும் ஏற்பதில்லை. கதை சொல்பவன் என்று வேண்டுமானால் ஏற்கலாம். இயந்திரம் தருவது சான்றா, கதையா என்பதே ஈண்டு நாம் ஆராயத்தக்கது.

ஒல்லாந்து நாட்டு ஓவியங்கள் இரண்டு இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்யும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது 1658 ஆம் ஆண்டில். அதற்கு 16 ஆண்டுகள் முன்னதாக, 1642 இல், அம்ஸ்ரர்டாம் நகரத்தில் றெம்பிராண்ட் என்னும் ஓவியர், நகரக் காவற் படையினரின் மண்டபத்துக்காக மிகப் பெரியதோர் ஓவியத்தை வரைந்து முடித்தார். 'இரவுக் காவல்' என உலகம் போற்றுவது அதுவே. 1715 இல் அதனை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, குறித்த சுவரில் அது அடங்கவில்லை. சுவருக்கு ஏற்ற ஓவியத்தைத் தேடாமல், ஓவியத்தையே சுவருக்கு ஏற்ப நான்கு பக்கமும் வெட்டினர். இடப்பக்கத்தில் மட்டும் சுமார் 60 சென்றிமீற்றர் போயிற்று. அப்பகுதியில் நின்ற இரு ஆடவரும் ஒரு சிறுவனும் மறைந்தனர். வெட்டிய துண்டுகள் பின்னர் எவர் கைக்கும் அகப்படவில்லை.

நல்வினைப் பயனாக, வெட்டுமுன் அவ்வோவியத்தைப் பார்த்துச் சிறிய அளவிற் படியெடுத்து வைத்திருந்தார் கெரிற் லுண்டென்ஸ் என்னும் ஓவியர். 2021 ஆம் ஆண்டு றைக்ஸ் அரும்பொருட் காட்சிச்சாலையினர் அப்படியைச் சான்றாகக் கொண்டனர். றொபேட் எர்ட்மன் என்னும் அறிவியலாளர் கணினி வலையமைப்புகளைப் பயிற்றினார். படியில் வளைந்திருந்த கோணங்களைத் திருத்தவும், லுண்டென்சின் நிறங்களை றெம்பிராண்டின் நிறங்களுக்கு இசைவிக்கவும் அவை பயன்பட்டன. இவ்வாறு உருவான பக்கங்களை அச்சிட்டு, மூல ஓவியத்தின்மேல் ஒட்டாமல் அதன் அயலிற் பொருத்திச் சில மாதங்கள் காட்சிக்கு வைத்தனர், பின்னர் அகற்றிவிட்டனர். பார்த்தோர், படைத்தலைவனும் துணைத்தலைவனும் ஓவியத்தின் நடுவில் அன்றிச் சற்று வலப்பக்கமாக நடந்து வருவதை உணர்ந்தனர். முந்நூறு ஆண்டுகளாக நின்றிருந்த படை மீண்டும் நடக்கத் தொடங்கியது போன்றிருந்தது அது.

இனி மற்றையதைக் காண்போம். 1665 ஆம் ஆண்டளவில் வெர்மீர் வரைந்த 'முத்துத்தோடு அணிந்த பெண்' ஹேக் நகரத்தில் உள்ளது. ஏறக்குறைய 44 சென்றிமீற்றர் உயரமே உடைய சிறு படம். இருண்ட பின்புலத்திலிருந்து ஓர் இளம்பெண் தோளுக்கு மேலாகத் திரும்பி எம்மை நோக்குகின்றாள். டால்-ஈ கருவியின் புதிய வசதியை அறிமுகஞ் செய்தபோது, ஓகஸ்ட் காம்ப் என்னும் கலைஞர் அதனைக்கொண்டு விரித்த இவ்வோவியத்தையே உலகுக்குக் காட்டினர். விரிந்த படத்தில் அப்பெண் பண்டபாத்திரங்கள் நிறைந்த ஓர் இல்லத்தின் நடுவே நிற்கின்றாள். பார்வைக்கு இனியது, ஒளியும் நிழலும் பொருந்தியது. ஆயினும் இங்கே வெட்டுண்ட பகுதியும் இல்லை, லுண்டென்சும் இல்லை. ஓவியர் நிறுத்திய இடத்திற்கு அப்பால் இயந்திரம் தானே நடந்து சென்றது.

அது சென்ற வழி ஓவியர் சென்றிருக்கக்கூடிய வழியும் அன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018 இல் அவ்வோவியத்தை நுண்கருவிகளால் ஆராய்ந்தனர். முடிபுகளை 2020 இல் வெளியிட்டனர். கருமையாகத் தோன்றும் பின்புலம் உண்மையிற் பச்சைத் திரைச்சீலை ஒன்றின் எஞ்சிய சாயல் எனத் தெரிந்தது. அவுரி நீலமும் மஞ்சட் சாயமும் கலந்து பூசிய பச்சை, காலத்தால் மங்கிப் போயிருந்தது. ஆகவே, வெர்மீர் அப்பெண்ணின் பின்னால் வைத்தது மடிப்பு விழுந்த ஒரு திரையை. இயந்திரமோ அத்திரை தொங்கிய இடத்தையும் அறியாமல், அதற்கு அப்பால் ஒரு வீட்டையே கட்டிவிட்டது. கற்பனை விளையாட்டாயின் இது குற்றமன்று. வெர்மீரின் வீட்டைக் கண்டோம் என்று எவரேனும் சொன்னால் அதுவே குற்றம்.

தமிழ் படித்தோருக்கு இது புதிய வழக்கன்று. 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகளின் விளிம்பு தொட்டவுடன் உதிர்வதை நெஞ்சு நொந்து எழுதினார்கள். 1894 இற் புறநானூற்றை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவர்களுக்கு 267 ஆம், 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சீர்களும் சிதைந்திருந்தன. ஐயரவர்களின் புலமைக்கு அவ்விடங்களை நிரப்புவது அரிதோ? சங்கச் செய்யுள் போலவே இயற்றி, ஒருவரும் அறியாவண்ணம் வைத்திருக்கலாம். அவர் புள்ளிகளையே இட்டார். அப்புள்ளிகளை நம்பியே எஞ்சிய அடிகளை நாம் நம்புகின்றோம்.

புலவர் நூல்களைத் தம் விருப்பப்படி விரித்தோரும் இருந்தனர். அவர் சேர்த்தவற்றுக்கு நாம் இட்ட பெயர் இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் அத்தகைய செய்யுட்களை மிகைப்பாடல் என வேறாகப் பிரித்து வைத்தனர், எரித்துவிடவில்லை. மற்றொரு வகையாக விரித்தோரும் உளர். பரிமேலழகர் ஓர் அடியும் முக்காலுமான குறளைப் பல வரிகளில் விரித்தார். அவரை நாம் வணங்குகின்றோம். ஏனெனில், அவர் விரித்தது குறளின் கீழே, உரை என்னும் பெயரோடு நிற்கின்றது. மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட எம் முன்னோர் இவ்வேறுபாட்டைக் கண்ணுக்கும் காட்டினர். விரித்தல் பிழையன்று, உரையை மூலத்தோடு ஒட்டுத் தெரியாமல் இணைத்தலே பிழை. இயந்திரத்தின் பெருமையாக இன்று விளம்பரஞ் செய்வதோ அந்த ஒட்டுத் தெரியாமையைத்தான்.

ஓவியத்திற் போலன்றி, நிழற்படத்தில் இது எத்துணைக் கூர்மையான வினாவாகும் என்பதை எமது கல்லூரி நினைவு மலரைத் தொகுத்தபோது கண்டேன். பழைய ஆசிரியர் குழுவின் படம் ஒன்று பெட்டகத்திற் கிடந்தது. வலப்பக்கத்தைக் கறையான் அரித்திருந்தது. கீழே ஒன்பது பெயர்கள். மேலே எட்டு முகங்களும் ஒன்பதாமவரின் பாதித் தோளும். கணினியில் வல்ல மாணவன் ஒருவன் நல்லெண்ணத்தோடு அதனை விரித்துக் கொண்டுவந்தான். ஒன்பதாமவருக்கு முகம் வந்திருந்தது. அவருக்கு அப்பால், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த இருவரும் தோன்றியிருந்தனர். பெயர்கள் ஒன்பது, முகங்கள் பதினொன்று!

ஒன்பதாம் ஆசிரியரின் மகளார் எண்பது வயதைக் கடந்தவர். கல்லூரிக்கு அண்மையில் வாழ்பவர். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீட்டிலிருந்த படங்கள் யாவற்றையும் இழந்தவர். அவரிடம் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர், தம்பி?" என்று மாணவனைக் கேட்டார்.

"உங்கட ஐயா, அம்மா. கணினி நிரப்பித் தந்தது."

"ஐயாவைக் கண்டால் எனக்குத் தெரியாதோ? இவர் ஆரோ. அந்தப் பழைய படத்தைத் தாங்கோ. பாதித் தோள் எண்டாலும் அது ஐயாவின்ர தோள்."

மாணவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் அவனே படத்தின் கீழே, 'வலப்பக்கம் கறையானாற் சிதைந்தது' என்று எழுதித் தந்தான். மலரில் அப்படியே அச்சாயிற்று. அவ்வெண்மையான இடம் ஐயரவர்கள் இட்ட புள்ளிகளுக்கு ஒப்பானது என்று அவனுக்குச் சொன்னேன்.

இழப்பு மிகுந்த இடத்திலேயே நிரப்பும் ஆசையும் மிகும். 1981 இல் நூலகம் எரிந்த மண்ணில், இடப்பெயர்வுகளாற் குடும்பப் படங்கள் சிதறிய ஊர்களில், 'போனது மீண்டும் வந்தது' என்று காட்டும் கருவி பெரியதோர் ஆறுதலாகத் தோன்றும். அவ்வாறுதலை எவருக்கும் மறுக்கும் உரிமை எனக்கில்லை. இறந்த தந்தையின் படத்தை விரித்து வீட்டுச் சுவரில் ஒருவர் மாட்டினால், அஃது அவர் அன்பு. ஆனால் அப்படமே மலரிலும் நூலிலும் வரலாற்றிலும் புகும்போது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைக் காண்போனுக்குத் தோளும் முகமும் ஒரே அளவு உண்மையாகிவிடும். பொய் முகம் ஒன்று புகுந்த படத்தில், மெய்யான எட்டு முகங்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று விண்ணப்பிக்கின்றேன். இக்கருவியை வகுப்பறையிலிருந்து துரத்த வேண்டா. வெர்மீரின் பெண்ணை மாணவர்க்குக் காட்டுங்கள். அவள் எங்கே நிற்கின்றாள், யாரை நோக்குகின்றாள் என்று முதலில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பின்னர் இயந்திரம் விரித்த படங்கள் மூன்றினைப் பக்கத்தில் வையுங்கள். இயந்திரம் பலரும் எண்ணக்கூடியதையே எண்ணியிருப்பதையும், தம்முள் ஒருவன் எவரும் எண்ணாததை எழுதியிருப்பதையும் அவர்களே காண்பர். எச்சம் என்பது யாது என்பதனை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடம் வேறு இல்லை.

அத்தோடு ஒரு சிறு பழக்கத்தையும் பழக்குங்கள். விரித்த படம் எதுவாயினும், மூலம் முடியும் இடத்தில் மெல்லிய கோடொன்று இடச் செய்யுங்கள். அல்லது, விரித்த பகுதியை வெளிறிய நிறத்தில் வைத்து, 'இப்பகுதி இயந்திரம் இயற்றியது' என்று கீழே எழுதச் செய்யுங்கள். றைக்ஸ் காட்சிச்சாலையினரும் புதிய பக்கங்களை மூலத்தின்மேல் ஒட்டாது அயலிலேயே வைத்தனர். ஒரு கோடு இடுவதற்கு ஒரு நொடி போதும். அக்கோடு இருக்கும் வரை, அதற்கு அப்பால் இயந்திரம் எத்தனை மாளிகைகளைக் கட்டினாலும் எமக்கு இடையூறு இல்லை.