உங்களுக்குத் தெரியுமா? 46 விநாடிப் பாட்டு!

● அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980-இல் தொடங்கி 1983-இல் கலைந்த ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு 'மைனர் த்ரெட்'. ஆயுள் மூன்றே ஆண்டுதான். பேரோ இன்றும் நிற்கிறது.

● இக்குழுவின் பாடகர் இயன் மக்காய் எழுதிய 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற பாட்டின் நீளம் வெறும் 46 விநாடி. குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்பதே அதன் சாரம். அந்தத் தலைப்பே பின்னாளில், உலகெங்கும் மதுவையும் போதையையும் தவிர்க்கும் இளைஞர் இயக்கத்துக்குப் பெயரானது.

● அந்த இயக்கத்தின் அடையாளம், புறங்கையில் பெரிய 'எக்ஸ்' குறி. மக்காயின் முந்தைய குழுவான 'டீன் ஐடில்ஸ்' சான்ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது, வயது குறைந்த அவர்களுக்கு மது ஊற்றிவிடக் கூடாதென்று அரங்கத்தார் போட்ட குறி அது!

● பெரிய கம்பெனிகளின் கதவை இவர்கள் தட்டவில்லை. டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் சேர்த்த பணத்தைப் பங்கு பிரிக்காமல், 1980-இல் 'டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி இசைத்தட்டு போட்டார்கள். ஆரம்பகாலத் தட்டுகளின் உறைகளை நண்பர்களே கையால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

● மக்காய் பின்னர் தொடங்கிய 'ஃபுகாசி' குழு புகழின் உச்சியிலும் நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. எல்லா வயதினருக்கும் அனுமதி இருந்தது.