வந்தே மீனாக்ஷியும் ஓர் ஐரிஷ் ஆடல் மெட்டும்

முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) என்றவுடன் இசையறிந்தார் உள்ளத்தில் எழுவன கமலாம்பா நவாவரணம் போன்ற கம்பீரமான கீர்த்தனங்களேயாம். விளம்ப காலமும், கமகச் செறிவும், வடமொழித் தொடர்களின் வீறும் அவருடைய இசையின் அடையாளங்கள். அத்தகைய பெரியார், வெள்ளைச் சிப்பாய்கள் காலால் தாளமிட்டு ஆடிய துள்ளல் மெட்டுக்களையும் எடுத்துத் தெய்வத் துதிகளாக அமைத்தார் என்பது முதலிற் கேட்போர்க்கு வியப்பளிக்கும். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என வழங்கும் இவை ஏறத்தாழ 40 உள. இங்கு ‘நோட்டு’ என்றது ஆங்கிலேயர் தம் இசைச் சுரத்தைக் குறித்த சொல்லே. பணத்தாளோடு அதற்கு உறவில்லை.

இம்மெட்டுக்கள் தீக்ஷிதர் செவிக்கு எட்டிய வரலாறு மணலியில் தொடங்குகின்றது. சென்னைக்கு அண்மையிலுள்ள அவ்வூரில், முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வரின் ஆதரவில் தந்தையார் இராமஸ்வாமி தீக்ஷிதர் குடும்பத்தோடு வாழ்ந்தார். முதலியாரின் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் கும்பினியாரிடம் துபாஷியாக இருந்தமையால், தீக்ஷிதர் சகோதரர்க்குப் புனித ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டு பிடில் பயின்றார் என்பர். இன்று கருநாடக இசைமேடையில் வயலின் இல்லாத கச்சேரி அரிது. அவ்வாத்தியம் நம்மிடம் வந்த வாயில்களுள் தலையாயது இவ்வீடே. அண்ணன் மெட்டையும் தம்பி வாத்தியத்தையும் ஒரே கோட்டையிலிருந்து பெற்றனர் என்க.

கும்பினிப் படையிற் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களுள் அயர்லாந்தினர் பெருந்தொகையினர். வறுமை துரத்தக் கடல் கடந்த அம்மக்கள் தம்மோடு கொண்டுவந்த செல்வம் தம் நாட்டுப் பாட்டும் ஆட்டமுமே. ஆதலின் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து மெட்டுக்களோடு ஐரிஷ் மெட்டும் கோட்டை வாத்தியத்திற் கலந்தொலித்ததில் வியப்பில்லை.

அவற்றுள் ஒன்று, ‘மாலோ நகரத்து உல்லாசிகள்’ என்று பொருள்படும் ‘ரேக்ஸ் ஒவ் மாலோ’. மாலோ என்பது அயர்லாந்தின் தென்பகுதியில் கோர்க் மாவட்டத்திலுள்ள சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் அதன் ஊற்றுநீர் நோய் தீர்க்கும் எனக் கேட்டுச் செல்வர் பலர் அங்குத் திரண்டனர். உடன் வந்த வாலிபர் குடியும் கூத்துமாய்ப் பொழுதைக் கழித்தனர். அவர்களைப் பாடியது அம்மெட்டு. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அது அச்சேறிவிட்டது. 1952இல் வெளிவந்த ‘குவயற் மான்’ என்னும் திரைப்படத்திலும் அது ஒலிக்கின்றது. இந்த மெட்டே தீக்ஷிதர் கையில் ‘வந்தே மீனாக்ஷி’ என மதுரையம்மையின் துதியாயிற்று.

ஐரிஷ் ஆடலிசையின் அமைப்பை ஈண்டுச் சிறிது அறிதல் வேண்டும். மெட்டு பெரும்பாலும் இரு பகுதிகளாய், பகுதிக்கு எட்டுத் தாளவட்டமாய் அமையும்; ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்பெறும். ‘ஜிக்’ என்பது மும்மூன்றாய் நடப்பது, நம் திசிர நடைக்கு நேர். ‘ரீல்’, ‘பொல்கா’ என்பன சதுசிரத்தின்பாற்படும். ‘மாலோ’ மெட்டு இவ்வினத்தது. இவற்றினும் வேறாக, தனியொருவர் ஆடுதற்கென்றே வகுத்த ‘செட்’ ஆடல் மெட்டுக்கள் சிலவுண்டு. ‘புனித பற்றிக்கின் நாள்’ என்னும் மெட்டில் முற்பகுதி எட்டுத் தாளவட்டம். ‘செட்’ எனப்படும் பிற்பகுதியோ பதினான்கு. முற்பகுதியில் வலக்காலால் ஆடிய அடவை இடக்காலாலும் ஆடிக் காட்டியபின் ஆடுவோர் ‘செட்’டிற் புகுவர். வாசிப்பவர் தம் மனம்போல் ஒரு தாளவட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆடுபவர் கால் தடுமாறும். நட்டுவாங்கம் கண்டு பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இனி, தீக்ஷிதர் செய்தது யாது? மெட்டை அவர் மாற்றவில்லை. ‘மாலோ’ மெட்டு சட்சத்துக்கும் காந்தாரத்துக்கும் மாறி மாறித் துள்ளித் தொடங்கிப் பின்னர்ப் படிப்படியாய் இறங்குவது. அத்துள்ளலை அவர் கமகத்தால் மழுப்பாமல் அவ்வண்ணமே ஏற்றார். சுரங்கள் 29ஆம் மேளமாகிய சங்கராபரணத்தின் சுரங்களே. ஆயினும் இது நாம் ஆலாபனையிற் கேட்கும் சங்கராபரணமன்று. அங்கே சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்ததைத் தழுவும். இங்கே ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். அச்சுரங்கள்மேல் குறிலும் நெடிலும் தாளத்தோடு இசையச் சொல்லைப் பொருத்துதல் எளிதன்று. விரைந்தோடும் மெட்டில் சுரத்துக்கு ஓரெழுத்தாக நிரப்ப வேண்டும். நிரப்பியவை பொருளற்ற அசைகளாகாமல் தோத்திரமாகவும் நிற்றல் வேண்டும். வடமொழித் தொகைநிலைகள் இங்கு அவர்க்குக் கைகொடுத்தன.

இவற்றைச் சிறுவயது விளையாட்டு என்று ஒதுக்குவாருமுளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. தீக்ஷிதர் காசி சென்று மீண்டு, திருத்தணியில் முருகன் அருள் பெற்ற பின்னரே ‘குருகுக’ முத்திரையைக் கைக்கொண்டார் என்பது மரபு. நோட்டுஸ்வரங்கள் பலவற்றில் அம்முத்திரை காணப்படுகின்றது. ‘ஜகதீச குருகுக’ என ஒன்று தொடக்கத்திலேயே அதனைத் தாங்கி நிற்கின்றது. அது ஸ்கொத்லாந்து ரீல் ஒன்றின் மெட்டு. ஆகவே இளமையிற் கேட்டவை நெடுநாள் நெஞ்சில் நின்று, முதிர்ந்த புலமையின் கையால் உருப்பெற்றன எனக் கொள்வதே தகும். ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டில் ‘ஸந்ததம் பாஹிமாம்’ எனத் தேவியைப் பாடியவர், மன்னனுக்குரிய மெட்டை அம்மைக்கு ஆக்கினார் என்பதும் நினைக்கத்தக்கது.

வாசிக்கும் முறையிலேயே இன்று பிழை நேர்கின்றது. சிலர் இவற்றைத் தொடக்க மாணாக்கர்க்குரிய பயிற்சியாகக் கருதி உயிரின்றி வாசிக்கின்றனர். சிலர் காலத்தைத் தாழ்த்திக் கமகம் ஏற்றிக் கீர்த்தனமாக்க முயல்கின்றனர். இரண்டாவதே பெருந்தவறு. காந்தாரத்தை அசைத்தவுடன் ஆடல் நின்றுவிடுகின்றது. வில்லைச் சிறு வீச்சாக, அடிக்கொரு அழுத்தம் கொடுத்து வாசித்தல் வேண்டும். ஐரிஷ் பிடிலரும் வெறுஞ்சுரம் வாசிப்பதில்லை. சுரத்தின் தலையில் அயற்சுரத்தைக் கணப்பொழுது தொட்டு ஒரு வெட்டுக் கொடுப்பர். ஆனால் அவ்வணி தாளத்தைக் கூர்மையாக்குவது, சுரத்தைக் குழைப்பதன்று. வீணையிலாயின் இழுப்பின்றி மெட்டுக்கு மெட்டு தெளிவாக மீட்டுதல் போதும். பக்கத்தில் சுருதி ஒலிக்கலாமா என்று ஐயுற வேண்டியதில்லை. ஐரிஷ் பைக்குழலிலும் நம் நாதஸ்வரத்தின் ஒத்துப்போல் இடையறாது ஒலிக்கும் குழல்கள் உண்டு.

பின்வந்தோர் இவ்வழியை மறக்கவில்லை. பாலுஸ்வாமியின் மரபில் வந்த சுப்பராம தீக்ஷிதர் (1839–1906) குடும்பத்தின் இசைச் செல்வத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) தாமே ஓர் ‘இங்கிலீஷ் நோட்டு’ இயற்றினார். மதுரை மணி ஐயர் (1912–1968) அதனைக் கச்சேரியின் இறுதியிற் பாடச் சபை ஆரவாரித்தது. நாதஸ்வரக்காரரும் அதனை விட்டாரல்லர். அது சுரமாகவே பாடப்படுவது. தீக்ஷிதர் ஆக்கங்களோ சாகித்தியம் பெற்றவை. இவ்வேறுபாட்டை அறியாது இரண்டையும் ஒன்றெனக் கூறுவார் கொழும்பிலும் உளர். அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் வாழும் கன்னிகேஸ்வரன் தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களை ஆராய்ந்து, சிறுவர் குரலில் மேனாட்டு வாத்தியங்களோடு இசைக்கச் செய்துள்ளார். அப்பதிவுகளில் துள்ளல் குன்றாமல் இருக்கின்றது.