தண்ணி காட்டுது மீட்டர்!

டை கட்டின அண்ணன் ஒருத்தர் உங்க வீட்டுக்கும் வந்திருப்பார். ரெண்டு டம்ளர் கேட்பார். ஒண்ணுல உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. கம்பி நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு கருவியை ரெண்டுலயும் விட்டு ஸ்விட்சைப் போடுவார். கொஞ்ச நேரம்தான்... குழாய்த் தண்ணி பழுப்பாகி சேறு மாதிரி திரண்டுடும். ஆர்.ஓ. டம்ளர் மட்டும் பளிங்கு மாதிரி அப்படியே இருக்கும். ‘இதைத்தாம்மா இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க!’ம்பார். அம்மா முகம் மாறிடும். அடுத்த வாரம் சுவத்துல மெஷின் தொங்கும்.

பாஸ், அந்தச் சேறு தண்ணியில இருந்து வரலை, கம்பியில இருந்து வந்தது! ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில படிச்ச அதே மின்னாற்பகுப்புதான். குழாய்த் தண்ணியில உப்புகள் கரைஞ்சிருக்கிறதால கரன்ட் பாயும். இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா மிதக்கும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி. கரன்ட் சரியா பாயாது, நிறமும் மாறாது. அந்த டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்க. அண்ணன் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார்.

இந்தக் கம்பி வித்தையைக் கண்டுபிடிக்கிற புத்திசாலிகள்கூட டி.டி.எஸ். மீட்டர்கிட்ட விழுந்துடுறாங்க. பேனா சைஸ்ல இருக்குமே, அதேதான். தண்ணியோட மின்கடத்து திறனை அளந்து, ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டும். அதோட வேலை அவ்வளவுதான். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500க்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் அனுமதிக்குது. அதே தரத்துல குரோமியத்துக்கு எல்லை எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு வெறும் 0.05 மில்லிகிராம். 300, 400னு காட்டுற மீட்டர்ல இந்த 0.05 எங்கே தெரியப்போகுது? மலக்கழிவுல இருந்து வர்ற ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லி தண்ணியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதையெல்லாம் மீட்டர் எண்ணவே எண்ணாது. டி.டி.எஸ். 60 காட்டுற தண்ணியைக் குடிச்சிட்டும் தாராளமா டைபாய்டுல படுக்கலாம்!

ஆனா, நம்ம பக்கம் உப்புன்னா பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு. கொடைரோட்டுல இருந்து தினமும் ரயிலோ பஸ்ஸோ பிடிச்சு வடக்கே திண்டுக்கல் காலேஜுக்குப் போறவங்களைக் கேளுங்க. அங்கே ‘தண்ணி’ன்னு பொதுவா யாரும் பேசுறதில்லை. ஒண்ணு உப்புத் தண்ணி, இல்லைன்னா நல்ல தண்ணி. திண்டுக்கல்லைச் சுத்தி இருக்கிற கிணறுகள் கெட்டதுல டேனரிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு, பதனிட குரோமியம், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் வரைக்கும் தண்ணி. அத்தனையும் கழிவா வெளியே வந்தது.

1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பை ‘வேலூர் கேஸ்’னு சட்டம் படிக்கிற உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்க. பேர்தான் வேலூர். உள்ளே புரட்டினா நம்ம ஊர் இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமங்கள்ல எடுத்த சர்வேயைத் தீர்ப்பு குறிப்பிடுது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகள்ல 350 கெட்டுப் போயிருந்துச்சாம்! மாசுபடுத்தினவங்கதான் அதுக்கான செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு இந்தத் தீர்ப்புதான் அழுத்திச் சொல்லுச்சு.

தீர்ப்பு வந்துட்டா கிணறு இனிச்சுடுமா? குரோமியம் பெரும்பாலும் மண்ணுல ஒட்டிக்கும். உப்பு ஒட்டாது, தண்ணியோடவே ஊர் சுத்தும். சுத்திகரிப்பு நிலையத்துல பாக்டீரியா அழுக்கைத்தான் தின்னும், உப்பை அப்படியே விட்டுடும். ஒரு தலைமுறை கெடுத்ததை அடுத்த தலைமுறையும் குடிச்சுக்கிட்டிருக்குன்னா அதுக்கு இந்தச் சின்ன விஷயம்தான் காரணம்.

அதனாலதான் திண்டுக்கல் நகரம் தூரத்துத் தண்ணியை நம்பி இருக்கு. ஆத்தூர் காமராஜர் அணை, வைகையில பேரணை, அப்புறம் காவிரி. இந்தத் தண்ணியில உப்புத் தொல்லை கம்மி. ஆபத்து வேற இடத்துல, குழாய்க்குள்ளே இருக்கு. சில நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி விடுறாங்க இல்லையா? வால்வை மூடினதும் குழாய் காலியாகி அழுத்தம் இறங்கிடும். விரிசல் இருந்தா பக்கத்துச் சாக்கடை மெதுவா உள்ளே வரும். போதாக்குறைக்கு நம்ம ஆளுங்க குழாய்லயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவாங்க. சாக்கடைக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரிதான் அது.

அப்போ காவலுக்கு இருக்கிறது குளோரின். கடைசித் தெருக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். ‘பிளீச்சிங் பவுடர் நாத்தம்’னு நாம முகம் சுளிக்கிறோமே, அந்த வாசனை லேசா வந்தா சந்தோஷப்படுங்க.

ஜெர்மனியில ஹாம்பர்க், அல்டோனா ரெண்டும் அந்தக் காலத்துல ஒட்டின ஊர்களா இருந்துச்சு. ரெண்டுக்கும் அப்போ எல்பே ஆத்துத் தண்ணிதான். இன்னும் சொல்லப்போனா, ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகுதான் அல்டோனா தண்ணி எடுத்துச்சு. 1892-ல காலரா வந்தப்போ ஹாம்பர்க்ல 8,000 பேருக்கு மேல செத்தாங்க. அல்டோனா பெரும்பாலும் தப்பிச்சுது. காரணம், அங்கே மணல்ல வடிகட்டி அனுப்பினாங்க. ஹாம்பர்க்ல அப்படியே விட்டாங்க!

இப்போ எங்க ஹாஸ்டலுக்கு வாங்க. ஆர்.ஓ. பிளான்ட் இருக்கு, மீட்டர் ஜம்முனு 45 காட்டுது. ஆனா அந்தத் தண்ணி போய்ச் சேர்ற டேங்க்குக்கு மூடி உடைஞ்சு ஒரு செமஸ்டர் ஆச்சு. மேலே புறாக்கள் மீட்டிங் போடுது. சவ்வு பாழாகாம இருக்க, ஆர்.ஓ.வுக்கு முன்னாடியே கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துடும். அதாவது, டேங்க்ல நிக்கிற தண்ணிக்குக் காவலே கிடையாது. போய்ச் சொன்னா, ‘டி.டி.எஸ். பாருங்க தம்பி, மினரல் வாட்டரே தோத்துடும்’னு பதில் வருது. என்னத்தச் சொல்ல!

உங்க காலேஜ்லயும் இதே கதைன்னா, வாக்குவாதம் பண்ணாதீங்க. டெஸ்ட் பண்ணுங்க. குளோரின் பார்க்க ஒரு டியூப் தண்ணியில சில சொட்டு மருந்து விட்டா போதும், மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க, பல ஊர்ல வச்சிருப்பாங்க. பாக்டீரியாவுக்கு எச்2எஸ் பாட்டில் இருக்கு. தண்ணியை ஊத்தி ஒண்ணு, ரெண்டு நாள் வச்சா, கறுத்துப் போற தண்ணி சந்தேகக் கேஸ். 2019-ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல, கிராமத்துக்கு அஞ்சு பெண்களுக்கு இந்த மாதிரி கிட்டை வச்சு சோதிக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்காங்க. என்.எஸ்.எஸ். கேம்ப் போற ஊர்ல அந்த அக்காக்களைத் தேடிப் பிடிங்க. மைக் செட்டு போட்டுப் பேசுறதைவிட உருப்படியான வேலை.

குரோமியம், ஃப்ளோரைடு மாதிரி விஷயத்துக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்தான் சரி. கெமிக்கல் டெஸ்டுக்கு ஒரு சுத்தமான கேன் போதும், அதே தண்ணியில நல்லா அலசிட்டுப் பிடிங்க. பாக்டீரியா டெஸ்டுக்கு லேப்லயே கிருமி நீக்கின பாட்டில் வாங்கிக்கணும். அதை மட்டும் அலசக் கூடாது. பிடிச்ச பாட்டிலை ஐஸ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள கொடுத்துடணும். அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சாம்பிள் எடுக்காதீங்க. திங்கட்கிழமை வரைக்கும் அது உங்க ரூம்லதான் தூங்கும்.